சுண்டுவிரல் நகம்

அக்காவின் வலது கை நகங்கள் மட்டும் வேகமாக வளர்ந்தன. முதலில் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். இரண்டு கைகளையும் மேசைமேல் அடுத்தடுத்து வைக்கச் சொல்லிப் பார்த்தேன். உண்மைதான். இடது கை நகங்கள் ஒழுங்காக இருந்தன. வலது கையில் அவை விரல் நுனியைத் தாண்டி வளையத் தொடங்கியிருந்தன. புறங்கை ஊதி, கத்தரிக்காய் நிறத்தில் பளபளத்தது.

அக்கா ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். நீராவி பிரஸ் மிஷினின் மூடி ஒருநாள் அவள் மணிக்கட்டின்மேல் இறங்கிவிட்டது. எலும்பு உடைந்தது, மாவுக்கட்டுப் போட்டார்கள், பிரித்தார்கள், எலும்பு சேர்ந்துவிட்டது. எரிச்சல் அதற்குப் பிறகுதான் வந்தது. போர்வையின் நுனி பட்டால் எரியும். மின்விசிறிக் காற்றுக்கு எரியும். அம்மா பக்கத்தில் வேகமாக நடந்துபோனால் அந்தக் காற்றுக்குக்கூடக் கையை இழுத்துக்கொள்வாள். புழுக்கத்தில் நாங்கள் மூவரும் விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்போம்.

"காயம் ஆறிடுச்சும்மா. ஆனா இன்னும் அடிபட்டுக்கிட்டே இருக்குன்னு நரம்பு நினைச்சுக்கிட்டிருக்கு. சில பேருக்குப் போயிடும், சில பேருக்குப் போகாது" என்றார் கட்டுப்போட்ட எலும்பு டாக்டர்.

"கையையே எடுத்துட்டா?" என்று அக்கா கேட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. "எடுத்தாலும் வலி நிக்கும்னு சொல்ல முடியாது" என்றார்.

அந்த வியாதிக்கு அவர் சொன்ன நீளமான பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. வீட்டில் 'அது' என்றே பேசிக்கொண்டோம்.

நான் மாலையில் வயரிங் வகுப்புக்குப் போகிறேன். அதனால் அக்கா எனக்கு வைத்த பெயர் கரண்டு. 'அது' என்னவென்று விளங்கிக்கொள்ள, எனக்குத் தெரிந்த ஒரே வழியில் ஒரு படம் போட்டுப் பார்த்தேன்: சுவிட்சை அணைத்த பிறகும் எரிகிற பல்பு. அக்காவிடம் காட்டினேன்.

"சரி, ஃபியூஸைப் பிடுங்கு" என்றாள்.

"ஃபியூஸ் எங்க இருக்குன்னு தெரியலையே."

"அப்புறம் என்னடி படிக்கிற அங்க? பேசாம தையல் கிளாஸுக்குப் போயிருக்கலாம். கிழிஞ்சதையாவது தைச்சிருப்ப."

படத்தை மடித்து வைத்துவிட்டேன். அது தப்பான படமாகவும் இருக்கலாம்.

ஓட்டல் நிர்வாகம் அக்காவைத் தங்கள் டாக்டரிடம் காட்டச் சொன்னது. வலி உண்மைதான் என்று அவர் எழுதிவிட்டால், அழுக்குத் துணியை எண்ணி வாங்கும் கவுண்டருக்கு மாற்றிவிடுவார்கள். இடது கையால் சமாளித்துவிடலாம். இல்லையென்றால் திங்கட்கிழமை மறுபடியும் அதே பிரஸ் மிஷின். அதன் மூடியை வலது கையால்தான் இழுத்து அமுக்க வேண்டும்.

டாக்டரிடம் போவதற்கு முதல்நாள், அக்காவின் கையைப் பார்த்து அம்மா ஆரம்பித்தாள். "இந்த நகத்தோடயா போய் நிப்ப? புள்ளைய எப்படி வச்சிருக்காங்க பாருன்னு என்னையில்ல சொல்வாங்க?"

"போகட்டும்மா, பேய் ஓட்டறவன்னு நினைச்சு மரியாதை குடுப்பாங்க" என்றாள் அக்கா. ஆனால் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "வெட்டிடு கரண்டு. அசிங்கமாத்தான் இருக்கு" என்றாள்.

நகவெட்டி உதவாது, விரலைப் பிடித்தால்தான் அதால் வெட்ட முடியும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைக்கலாமா என்று யோசித்தேன். தண்ணீர் பட்டாலே அலறுவாள். கடைசியில் வகுப்புப் பையிலிருந்து வயர் வெட்டும் கட்டரை எடுத்தேன். அதன் மூக்கு மெல்லியது. விரலைத் தொடாமல் நகத்தை மட்டும் கவ்வலாம்.

ஜன்னல் ஓரத்தில், வெளிச்சம் இருக்கும்போதே, ஒரு தலையணைமேல் கையை வைத்தாள். நான் மூச்சுக்காற்று படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டரைக் கொண்டுபோனேன். 'டக்' என்றது. அந்த அதிர்வு நகம் வழியாக உள்ளே போயிருக்க வேண்டும்.

"அய்யோ! பாவி! சண்டாளி! உனக்குக் கல்யாணமே ஆகாதுடி!"

"நிறுத்திடட்டுமா?"

"நிறுத்தின, கொன்னுடுவேன். அடுத்தது!"

ஒவ்வொரு விரலுக்கும் நடுவில் அவள் அறையைச் சுற்றி நடந்தாள். சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். என்னை, ஓட்டல் மேனேஜரை, மிஷின் செய்தவனை, அவன் பரம்பரையை எல்லாம் திட்டினாள். அம்மா சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள், காதில் விழாமலிருக்க. நான்காவது நகம் முடிந்தபோது அக்காவின் ஜாக்கெட் முதுகு முழுவதும் நனைந்திருந்தது. சுண்டுவிரலை நீட்டினாள், உடனே இழுத்துக்கொண்டாள்.

"இது கிடக்கட்டும்டி. என்னால ஆகல."

அன்று வகுப்புக்குப் போகவில்லை.

ஓட்டல் டாக்டர் மரியாதையானவர். உட்காரச் சொன்னார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு ஒரு பஞ்சை எடுத்துப் புறங்கையில் லேசாக வைத்தார். அக்கா நாற்காலியோடு பின்னால் போனாள். நல்லவேளை, பார்த்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஞ்சு பட்டாலே இவ்வளவு வலிக்குதுங்கறீங்க. நகமெல்லாம் சுத்தமா வெட்டியிருக்கே?"

"தங்கச்சி வெட்டினா சார்."

"வெட்ட விட்டீங்கல்ல?"

அக்கா என்னைப் பார்த்தாள். "கட்டரால வெட்டினேன் சார். தொடவே இல்ல. ரொம்பக் கத்தினா... கடைசி விரலுக்கு முடியலன்னு விட்டுட்டோம், இதோ பாருங்க" என்றேன். நடந்ததைத்தான் சொன்னேன், ஆனால் எனக்கே பொய்யாகக் கேட்டது.

"சுண்டுவிரல்ல நகம் வளர்க்கறது இப்ப நிறைய பேருக்கு ஃபேஷன்" என்று அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "கையை ரொம்பப் பொத்திப் பொத்தி வைக்காதீங்கம்மா. வேலை செஞ்சாத்தான் பயம் போகும்."

எழுதினார். எலும்பு குணமாகிவிட்டது, வேலைக்குத் தகுதி.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். அக்கா வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதோ கேள்வி கேட்கக் கை தூக்கியவள்போல. வெட்டாமல் போயிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று நான் யோசித்தேன். சுத்தமில்லாதவள் என்று நினைத்திருப்பாரோ என்னவோ.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு விசிறியை நிறுத்தினாள். அக்கா நேராக ஜன்னல் ஓரம் போய்த் தலையணையை எடுத்துப் போட்டாள்.

"கட்டரை எடு."

"எதுக்குக்கா?"

"திங்கட்கிழமை மிஷின்ல துணி விரிக்கணும்ல. இந்த நகம் மாட்டிக்கும்."

"நாளைக்குப் பாத்துக்கலாம்."

"எடுடி."

சுண்டுவிரலை நீட்டினாள். நான் வெட்டினேன். 'டக்' என்றது. திட்டு வரவில்லை. அவள் எழுந்து நடக்கவும் இல்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கணம், வலிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். வாய்விட்டுக் கேட்டும்விட்டேன்.

"வலிக்கலையாக்கா?"

அப்போதுதான் அவள் இடது கையைப் பார்த்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தது, விரல் கணுக்கள் வெளுத்துப்போய்.

"கத்தினா குறையும்னா சொல்லு, கத்தறேன்" என்றாள்.