மௌனிக்கு வாய் வந்த விதம்

அலுவலகத்தில் அவளுக்குக் காற்புள்ளி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அழைத்ததில்லை; ஆனால் அவளுக்குத் தெரியும். பத்தொன்பது வருடமாக அந்தப் பதிப்பகத்தின் தலைமை மெய்ப்புத் திருத்துநர் அவள்தான். மௌனி கதைகளின் ஒன்பது பாகங்களும் அவள் கண்ணைத் தாண்டித்தான் அச்சுக்குப் போயின. மேகத்தில் பிறந்த மௌனி அந்த ஒன்பதிலும் ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் விரல் பேச்சுதான். அந்த விரல்களுக்காகவே பிள்ளைகள் அவள்மேல் உயிரை வைத்திருந்தார்கள்.

அந்தக் கதைகளின் எழுத்தாளர் நல்ல புத்தியோடு இருந்த காலத்தில் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார். மௌனியைப் பொம்மையாகவோ படமாகவோ ஆக்கினால், அது புத்தகத்துக்கு மாறாக இல்லை என்று தலைமை மெய்ப்புத் திருத்துநர் கையெழுத்துப் போடவேண்டும். அந்தக் கையெழுத்துக்காகத்தான் அன்று காலை அவளைக் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார்கள்.

மேசை நிறையச் சாமான்கள். பல் தேய்க்கும் பிரஷ், தலையணை உறை, சாப்பாட்டு டப்பா. கதையில் வரும் வன அரசனின் முகத்தை ரப்பர் செருப்பில் அச்சடித்திருந்தார்கள், சரியாகக் குதிகால் மிதிக்கிற இடத்தில். பொம்மைக் கம்பெனி மேலாளர் செண்ட்டில் குளித்துவிட்டு வந்தவர்போல மணந்தார். அவர் ஒரு பொம்மையை எடுத்து வயிற்றை அமுக்கினார்.

"வா வா, பறக்கலாம்! என் பேரு மௌனி!" என்று அது கீச்சிட்டது.

எல்லோரும் கைதட்டினார்கள். காற்புள்ளி தட்டவில்லை.

"இது பேசுதே?"

"எட்டு வசனம் பேசும் மேடம்! ஒரு பாட்டும் பாடும்."

"மௌனின்னா என்ன அர்த்தம்னு தெரியுமா உங்களுக்கு?"

மேலாளர் முழித்தார். "அந்தப் பொண்ணு பேருதானே மேடம்?"

பக்கத்தில் இருந்த பட இயக்குநர் அவர் உதவிக்கு வந்தார். "படத்துலயும் பேசறா மேடம். அப்பா சமாதில நின்னு 'அப்பா'ன்னு கத்தறா பாருங்க, தியேட்டரே அழுதுடும்."

"அவளுக்கு அப்பாவே கிடையாது. மேகத்துல பிறந்தவ."

"நாங்க சேத்துக்கிட்டோம்."

"எத்தனை பாகம் படிச்சீங்க?"

"சுருக்கம் படிச்சேன். நாலு பக்கம். நல்லாவே இருந்துச்சு."

இந்த ஆட்களிடம் கோபப்படுவது கோபத்துக்கே கேவலம் என்று அவளுக்குத் தோன்றியது. மூலையில் காபியை உறிஞ்சிக்கொண்டிருந்த எழுத்தாளர் பக்கம் திரும்பினாள்.

"சார், நீங்க சொல்லுங்க."

"என்னம்மா செய்யறது, ஊரே கேக்குது. பத்தாம் பாகத்துல நானே அவளைப் பேச வச்சுடறேன். அப்ப எல்லாம் சரியாயிடும்ல?"

"அவ ஏன் பேசறதில்லைன்னு நாலாம் பாகத்துல எழுதினீங்களே, ஞாபகம் இருக்கா?"

எழுத்தாளர் நெற்றியைத் தேய்த்தார். "ஏதோ சாபம்..."

"சாபமில்ல சார். சூனியக்காரி குரல் தர்றேன்னு கூப்பிடுவா. 'எனக்கு எதுவும் குறையல'ன்னு விரலாலயே சொல்லிட்டு மௌனி நடந்து போயிடுவா."

"நானா எழுதினேன்? பரவாயில்லையே!"

அதுவரை அவள் இளக்காரமெல்லாம் மற்றவர்கள்மேல்தான் இருந்தது. அந்த ஒரு சொல்லில் மொத்தமும் இந்த மனிதர்மேல் வந்து இறங்கியது. பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டில் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "போட்டுத் தொலைச்சிருக்கலாம்ல ஒரு கையெழுத்து?"

"போட்டிருக்கலாம். அப்புறம் அந்தக் கையால சோறு சாப்பிடக் கூசும்."

பதிப்பக முதலாளியின் வக்கீல் ஒப்பந்தத்தின் அந்த வரியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அதில் பதவிதான் இருந்தது, ஆள் பெயர் இல்லை. அடுத்த திங்கட்கிழமை முதலாளியின் மச்சினன் தலைமை மெய்ப்புத் திருத்துநர் ஆனான். அதுவரை கிடங்கில் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தவன். உட்கார்ந்த சூட்டோடு எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டான். பதவியின் பெயரில் 'மெய்ப்பு' என்பதையே 'மெய்பு' என்று எழுதினான். காற்புள்ளியைப் பெருக்கல் வாய்ப்பாட்டுப் புத்தகங்களுக்கு மாற்றினார்கள். மறுநாளே அவள் அங்கே போய் உட்கார்ந்தாள். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதையாவது யாரும் படத்துக்காக மாற்றப்போவதில்லை.

ஆறு மாதம் கழித்து மச்சினன் ஒரு கட்டுக் காகிதத்தோடு வியர்த்து வழிந்து வந்து நின்றான்.

"அக்கா, பத்தாம் பாகம். எனக்குத் தலையும் புரியல, காலும் புரியல. கொஞ்சம் பாத்துக் குடுங்களேன்."

வாங்கிப் படித்தாள். ஐந்தாம் பாகத்தில் எரிந்து சாம்பலான கோட்டையில் மௌனி விருந்து வைத்தாள். சூனியக்காரி திடீரென்று அவளுக்கு அத்தையாகிவிட்டாள். போர்க்களத்தில் செத்த குதிரை புல் மேய்ந்தது. எழுத்தாளர் எப்போதும் இப்படித்தான் எழுதுவார். முன்பெல்லாம் காற்புள்ளி ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி ஒட்டி, அவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்து சரிசெய்ய வைப்பாள். பிறகு விமர்சகர்கள் அவருடைய அபார ஞாபகசக்தியைப் புகழ்வார்கள். அவரும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்வார்.

இந்த முறை ஒற்றுப் பிழையை மட்டும் திருத்தினாள். செத்த குதிரை 'புல்லை தின்றது' என்றிருந்த இடத்தில் ஒரு 'த்' போட்டாள். குதிரையை எழுப்பியவர் பாடு, குதிரை பாடு. இரண்டே நாளில் கட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

புத்தகம் வந்தது. பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி நாற்பத்தொரு பிழைகளை வரிசை போட்டுப் பதிப்பகத்துக்கு எழுதினாள். அந்தக் கடிதம் பத்திரிகையிலும் வந்தது. மறுநாளே எழுத்தாளர் ஃபோன் செய்தார்.

"ஏம்மா, மெய்ப்பு நீதான் பாத்தியாமே. இதெல்லாம் உன் கண்ணுல படலையா?"

"பட்டுச்சு சார்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

காரணம் சொல்லிப் புரியவைக்கும் அளவுக்குக்கூட அந்த மனிதர்மேல் அவளுக்கு மதிப்பு மிச்சமில்லை. "வேலை இருக்கு சார்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.