ராணி வேஷத்துக்கு ஓர் ஒப்பந்தம்

முத்திரைத்தாளில் ருக்குமணி கையெழுத்துப் போடுவதை வடிவம்மாள் ஒப்பனை அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாடகக் கம்பெனி முதலாளி திருநாவுக்கரசு ஒப்பந்தத்தை உரக்கப் படித்துக் காட்டியிருந்தார். மூன்று வருஷம். நடுவில் விலகினால் நகை, துணி, பெட்டி எல்லாம் கம்பெனிக்கு. போன மாதம் வரை தோழியாக நடித்த பதினேழு வயதுப் பெண்ணுக்கு இனி ராணி வேஷம்.

பினாங்கில் கப்பலை விட்டு இறங்கிய நாள் முதல் வடிவம்மாள்தான் இந்தக் கம்பெனியின் ராணி. அவளிடம் யாரும் எந்தத் தாளையும் நீட்டியதில்லை. "நம்ம வடிவு எங்க போகப்போறா" என்பார் முதலாளி. அதை இத்தனை காலமும் பாராட்டு என்றே நினைத்திருந்தாள். எவள் போய்விடுவாளோ என்று பயமோ, அவளிடம்தானே கையெழுத்து வாங்குவார்கள்? அன்றைய நாடகத்தில் அவளுக்கு ராஜமாதா வேஷம். ருக்குமணி பாடியபோது கொட்டகை முழுக்க மூச்சடங்கிக் கிடந்தது. பிசகாத அந்தக் குரலில் ஒரு பிசகுக்காக வடிவம்மாள் கடைசிவரை காத்திருந்தாள்.

மறுநாள் ரிக்‌ஷா பிடித்து பீச் ஸ்திரீட்டில் இருந்த ஒரு வக்கீல் ஆபீசுக்குப் போனாள். அங்கே குமாஸ்தாவாக இருந்த ஹபீப் முகம்மது அவள் நாடகங்களைத் தவறாமல் பார்ப்பவர். ருக்குமணி கையெழுத்துப் போட்ட நிபந்தனைகளை அவரிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"அந்த ஒப்பந்தத்த ஒடைக்க வழி இருக்காண்ணே?"

"ஒப்பந்தம் செல்லணும்னா, ஒருத்தர் கேக்கணும், இன்னொருத்தர் ஒத்துக்கணும். ரெண்டு பக்கமும் எதையாவது கொடுத்து வாங்கணும். யாரும் மிரட்டியிருக்கக் கூடாது. வயசும் வந்திருக்கணும். புள்ளைக்கு என்ன வயசு?"

"பதினேழு."

"இருபத்தொண்ணு ஆகல. நிபந்தனையும் கொடுமையா இருக்கு. அது அவளக் கட்டாது." வடிவம்மாளின் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஆனா விலகுற உரிமை அவளுக்குத்தான் தங்கச்சி. முதலாளிக்கு இல்ல. உங்களுக்கும் இல்ல."

எழுந்தவள் தயங்கினாள். "எனக்குத் தாளே இல்லையேண்ணே."

"வாய்ப்பேச்சும் ஒப்பந்தந்தான். எத்தன நாளைக்குன்னு பேசலைன்னா, முன்கூட்டியே சொல்லிட்டு அவரு உங்கள நிறுத்திடலாம்."

திரும்பி வந்தபோது ருக்குமணி கொட்டகைக்குப் பின்னால் தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். எவ்வளவு கூந்தல் இவளுக்கு என்று வடிவம்மாளுக்கு வயிறு எரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, வக்கீல் ஆபீசில் கேட்டதையெல்லாம் இதமாகச் சொன்னாள். "சிங்கப்பூர் கம்பெனிக்காரங்க உன்னைக் கேட்டுக்கிட்டேதானே இருக்காங்க? போயிடு லா. அந்தத் தாளு உன்ன ஒண்ணும் செய்யாது."

ருக்குமணியின் கண்கள் நிறைந்துவிட்டன. "எனக்காக அவ்வளவு தூரம் போய்க் கேட்டீங்களாக்கா? பெத்தவங்ககூட எனக்கு இதெல்லாம் பாக்கல."

அவள் காலைத் தொட வந்தபோது வடிவம்மாள் காலை இழுத்துக்கொண்டாள்.

ஆனால் ருக்குமணி பெட்டி கட்டவில்லை. நேராக முதலாளியிடம் போனாள். நெடுநேரம் அவர் குரல் உயர்ந்தும் தணிந்தும் கேட்டது. பிறகு வடிவம்மாளைக் கூப்பிட்டனுப்பினார்கள். மேசைமேல் இரண்டு புதிய தாள்கள் இருந்தன.

"நிபந்தனையெல்லாம் எடுத்தாச்சு," என்றார் முதலாளி, யாரையும் பார்க்காமல். "உனக்கும் ஒண்ணு எழுதினாத்தான் இருப்பேங்குது இந்தப் புள்ள. மூணு வருஷம். ராஜமாதா வேஷம்."

"இனிமே உங்கள யாரும் நிறுத்த முடியாதுக்கா," என்றாள் ருக்குமணி. அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

வடிவம்மாள் பேனாவைக் கையில் எடுத்தாள். ராஜமாதா என்ற எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடற்காற்று உள்ளே புகுந்து தாளைப் புரட்டியது. ருக்குமணி குனிந்து, மருதாணி சிவந்த விரல்களால் அதன் ஓரத்தை அவளுக்காக அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.