மடித்துவிட்ட கம்பி

மழைத்துளிகள் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன. காற்று தொட்டதும் எல்லாம் சேர்ந்து நடுங்கின. ஒன்றும் விழவில்லை.

ஜெனிற்றா அந்தக் கம்பியைப் பார்த்தபடி நின்றாள். காலையில் அடித்த காற்று மொட்டைமாடி ஏரியலைப் பிடுங்கி எறிந்துவிட்டது. புருஷன் கித்தேரியான் கடலில் இருக்கிறான். முகத்துவாரத்தில் மணல் ஏறி அலை புரள்கிறது. அந்த வழி வேண்டாம், துறைமுகத்துக்குப் போ என்று அவனுக்குச் சொல்லியாக வேண்டும். வயர்லெஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை.

அதற்காகத்தான் இந்தப் புதுக் கம்பியைக் கட்டியிருந்தாள். நடுவிலிருந்து இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை என்று கம்பி நீண்டது. நீளம் கூடினால் தூரம் கூடும் என்று சுருளில் இருந்ததை எல்லாம் இழுத்துவிட்டிருந்தாள். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவளுக்கு அவசரத்தில் புத்தி புல் மேயப் போய்விட்டது!

கீழே வயர்லெஸ் செட்டின் முள் சிவப்பில் கிடந்தது. அனுப்பியதில் பாதி செட்டுக்கே திரும்புகிறது.

ரேடியோ அலை கம்பி வழியே ஓடும். முனைக்கு மேல் வழியில்லை. திரும்பும்.

திரும்பும் அலையும் போகும் அலையும் கலக்கும். கம்பியின் நீளம் மட்டும் அலையின் நீளத்துக்குப் பொருந்திவிட்டால், அடடா, ஓட்டமெல்லாம் நின்ற இடத்திலேயே நின்று ஆடும். ஸ்கிப்பிங் கயிறு மாதிரி. முனைகள் அடங்கியிருக்கும், நடுவில் துள்ளும். அந்தத் துள்ளல்தான் கடலைத் தாண்டும்.

கூடுதல் நீளத்தை வெட்டக் கட்டரை எடுத்தாள்.

"ஏளா, அறுக்காத! கடல்ல ஆளு கெடக்கும்போது கயித்த அறுப்பாளா ஒருத்தி?"

மாடிப்படியில் மாமியார் மரியபாக்கியம். அந்தக் கரையில் ஆள் திரும்பும்வரை யாரும் கயிறு அறுப்பதில்லை.

"இது கம்பி மாமி." சொல்லிவிட்டாள். ஆனால் கை வரவில்லை.

வராததும் நல்லதுக்குத்தான். எதற்கு அறுக்க வேண்டும்? மடித்தால் போதுமே, நீளம் குறைந்துவிடும்!

மிச்சக் கம்பியை அதன்மேலேயே திருப்பினாள், முறுக்கினாள். இரண்டு பக்கமும் ஒரே அளவு. அவள் கம்பியை விட்டு விலகியதும் மாமியார் கீழே செட்டின் மைக்கை அழுத்துவாள், முள்ளைப் பார்ப்பாள். மறுபடி மடிப்பு. மறுபடி முள்.

"எறங்குதுளா! முள்ளு எறங்குது! அடியில போயிட்டு!"

ஜெனிற்றா குதித்தே விட்டாள். ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"துறைமுகத்துக்குப் போங்க! முகத்துவாரம் வேண்டாம்! கேக்குதா?"

இரைச்சல். இரைச்சல். பிறகு அவன் குரல்.

"கேக்குதுளா. படகத் திருப்பிட்டேன்."

மாமியார் சிலுவை போட்டுக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

மாடியில் துளிகள் கம்பியில் தொங்கின. காற்று தொட்டதும் எல்லாம் சேர்ந்து நடுங்கின. மடித்த முனைவரை போன அலை திரும்பி வந்துகொண்டிருந்தது.