வெட்டுப்படாத டெனிம்

அருட்பிரகாசம் கத்திரிக்கோலை விரித்து டெனிமின் பின்தையலில் வைத்த அந்த நிமிடமே பெற்றிசியா அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"என்ன செய்யிறீங்கள்?"

"பயப்பிடாதேங்கோ அக்கா. எல்லாருக்கும் இப்பிடித்தான். பின்பக்கம் நெடுக ஒரு வெட்டு வெட்டினால் உடுத்திறது சுகம். பெட்டிக்குள்ள கிடத்தினாப் பிறகு ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும். கத்திரிக்கோலைக் கீழ வையுங்கோ."

மன்னார் ரவுணில் அடக்க வேலைகள் பார்க்கும் மலர்ச்சாலை வைத்திருக்கும் அருட்பிரகாசம் பொறுமைசாலி. எத்தனையோ பேருக்குக் கடைசி உடுப்பு உடுத்திவிட்டவர். அழுகிற மனைவிமாரைக் கண்டிருக்கிறார், மயங்கி விழுகிறவர்களைத் தாங்கியிருக்கிறார். கையைப் பிடித்து நிறுத்துகிறவளை இன்றுதான் காண்கிறார். வீட்டுக் கட்டிலில் வெள்ளைத் துணிக்குக் கீழே அவளுடைய புருஷன் யாகப்பர் கிடந்தார். நேற்றுக் காலை பேசாலைக் கரையில் ஒரு படகு எஞ்சினுக்கு முன்னால் குந்தியிருந்து ஸ்பானருக்குக் கை நீட்டியவர், ஸ்பானர் கைக்கு வருவதற்குள் சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது மனம் கேளாமல்தான்.

யாகப்பரின் அக்கா மாக்கிறட் ஒரு கறுப்புக் கோட்டை ஹாங்கரோடு தூக்கிப் பிடித்தபடி அறை வாசலில் நின்றாள். அது அவளுடைய மகனின் கலியாணக் கோட்.

"நான் அப்பவே சொன்னனான், இதைப் போடுங்கோ எண்டு. சுவாமி வருவார். சங்கத்து ஆக்கள் வருவினம். இலுப்பைக்கடவையில இருந்து சம்பந்திப் பகுதி வருகுது. செத்தவனுக்கு டெனிமோ? ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும் மச்சாள்."

"உனக்கு விசர், பெற்றி."

"இவர் இரவல் உடுப்புப் போடமாட்டார். உயிரோட இருக்கேக்க போடாதவருக்கு இப்ப மட்டும் போட்டுவிடுறதோ? தன்ர உடுப்போட போகட்டும். முழு உடுப்போட போகட்டும்."

மாக்கிறட் கோட்டைக் கதிரையில் போட்டுவிட்டு முன்அறைக்குப் போய்விட்டாள்.

பேசாலையில் இன்னொரு யாகப்பரும் இருந்தபடியால் ஊர் இவரை டெனிம் யாகப்பர் என்றுதான் சொல்லும். பட்டம் வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவரோ யாராவது விலாசம் விசாரித்தால் தானே "டெனிம் யாகப்பர் வீடு எண்டு கேளுங்கோ" என்று சொல்லிவிடுவார். எஞ்சின் எண்ணெயில் புரளுகிற மனிதர், வேலைக்குப் பழஞ் சாரம்தான். ஆனால் பூசைக்கோ ரவுணுக்கோ வெளிக்கிட்டால் டெனிமும், முழங்கை வரை கச்சிதமாக மடித்துவிட்ட பருத்திச் சேட்டும். அலுமாரியைத் திறந்தால் ஒரு டெனிம், இரண்டு சேட், அவ்வளவுதான். பத்து வைத்திருந்த படகு முதலாளிகளான சம்மாட்டிமாரெல்லாம் அவருக்குப் பக்கத்தில் நின்றால் ஏனோ கசங்கித் தெரிவார்கள். பெற்றிசியா இதைப் பூசை நேரத்தில் கவனித்துவிட்டு, பாவம் என்று தெரிந்தும், உள்ளுக்குள் சிரித்திருக்கிறாள்.

இந்தப் புது டெனிமை வாங்கிய கதையை ரவுணில் உடுப்புக்கடை வைத்திருக்கும் அபூசாலி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அபூசாலி அதைக் கொழும்பிலிருந்து இவருக்கென்றே தேடி எடுப்பித்திருந்தார். கொண்டுவந்து கொடுத்ததும் யாகப்பர் முதல் வேலையாக அதை உட்பக்கம் புரட்டினார். வெளிப்பக்கத்தை எவனும் வடிவாகத் தைப்பான், உள்ளுக்குத்தான் ஆளின் புத்தி தெரியும் என்பது அவருடைய கட்சி. தையலை விரலால் நீவினார், பொக்கற்றுக்குள் கையை விட்டுத் துணியை நெருடினார், பொத்தானைத் திருகிப் பார்த்தார். பிறகு நிறம் பார்க்கவென்று வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் நடுத்தெருவில் நின்றார். பின்னால் வந்த பஸ் ஹோர்ண் அடித்துக் களைத்துவிட்டது.

"யாகப்பர், நீர் களுசான் வாங்க வந்தனீரோ, பொம்பிளை பாக்க வந்தனீரோ?" என்று அபூசாலி கடைக்குள்ளிருந்து கத்தினார்.

"பொம்பிளையை ஒருக்காப் பாத்தவுடனே ஓம் எண்டு சொல்லிப்போட்டன் காணும். இதுக்குத்தான் கன நேரம் வேணும்."

இதை அபூசாலி வந்து சொன்ன அன்று பெற்றிசியா ஒரு பகல் முழுக்கப் புருஷனோடு கதைக்கவில்லை. கதைக்காவிட்டாலும் கோபம் இருக்கவில்லை.

வீட்டுக் கிணறு உப்புச் சவர் என்று, யாகப்பர் குடிக்கிற தண்ணீரை எடுத்து அந்த டெனிமை ஒருமுறை ஊறவைத்தார். பிழியவில்லை. புரட்டி, நிழலில், இடுப்பால் தொங்கவிட்டார். காய்ந்தபோது அது பலகையாகிவிட்டது. நிமிர்த்தி வைத்தால் தானாகவே நிற்கும் போலிருந்தது. மடு மாதா திருவிழாவுக்கு முதன்முதலாக உடுத்துவதென்று முடிவு. அதற்குள் பழக்க வேண்டுமென்று பின்னேரங்களில் வீட்டுக்குள் உடுத்திக்கொண்டு நடப்பதும் குந்துவதுமாக இருந்தார். "துணிக்கு ஆள் ஆரெண்டு சொல்லிக்குடுக்கவேணும்" என்பார். அது அவரைப் பழகி முடிக்கவில்லை. திருவிழாக் கொடியும் இன்னும் ஏறவில்லை.

"சரி அக்கா, வெட்டாமல் ஒருக்கா முயற்சி செய்வம்" என்றார் அருட்பிரகாசம்.

இருவருமாக முயன்றார்கள். கால் இரண்டும் நுழைந்தன. தொடை வரை வந்தது. அதற்கு மேல் மாட்டேன் என்றது. கெடாமலிருக்க மருந்து ஏற்றிய உடம்பு சற்று ஊதியிருந்தது. புதுத்துணி இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. அருட்பிரகாசத்தின் நெற்றியில் வியர்வை வழிந்தது. பெற்றிசியா இடுப்புப் பட்டியைப் பிடித்து இழுத்த இழுவையில் யாகப்பரின் தலை தலையணையிலிருந்து நழுவியது. அவள் உடனே கையை விட்டாள். தலையை நேராக வைத்து, கலைந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"இடுப்பில மட்டும் கொஞ்சமா வெட்டுவம் அக்கா. சுவாமி வாற நேரமாகுது."

"எனக்குக் கொஞ்ச நேரம் தாங்கோ, தம்பி."

டெனிமைக் கழற்றி எடுத்துக்கொண்டு அவள் பக்கத்து அறைக்குப் போனாள். குசினியிலிருந்து ஒரு கோப்பை சுடுதண்ணீர் கொண்டுவந்தாள். இடுப்பிலும் தொடையிலும் முழங்காலிலும் தண்ணீரைத் தெளித்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். முதலில் கதிரையின் முதுகில் மாட்டி இழுத்துப் பார்த்தாள். கதிரைதான் கிறீச்சிட்டது. யாராவது ஓர் ஆள் உடுத்தி அசைந்தால்தான் இது இளகும். யாரைக் கேட்பது? மகள் கிறேஸ் அழுது அழுது சுருண்டு கிடக்கிறாள். ஆம்பிளை எவனிடமாவது கொடுத்தால், செத்தவருடைய உடுப்பை முதலில் உடுத்தியவன் அவன் என்றாகிவிடும். அப்போது அதுவும் இரவல்தான்.

பெற்றிசியா கதவைச் சாத்தினாள். சேலையை அவிழ்த்துக் கட்டிலில் போட்டாள். பாவாடையைக் கழற்றிவிட்டு டெனிமுக்குள் காலை விட்டாள்.

பிறந்த நாளிலிருந்து அவள் களுசான் போட்டதில்லை. கலியாணம் முடித்த காலத்தில் கச்சான் காற்றுக்குப் பறந்துவிடுவாள் என்று மச்சான்மார் பகிடி பண்ணிய இடுப்பு, இப்போது தாராளமாகிவிட்டிருந்தது. இன்று அந்தத் தாராளம் உதவிக்கு வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, துள்ளித் துள்ளி, பல்லைக் கடித்து, பொத்தானைப் போட்டுவிட்டாள். ஈரத்துணி அவளை நாலாபக்கமும் இறுக்கிப் பிடித்தது.

முன்அறையில் செபமாலை தொடங்கியிருந்தது. "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று பெண்கள் சொல்லத் தொடங்கும்போது பெற்றிசியா குந்தினாள். "ஆமென்" என்னும்போது எழும்பினாள். ஒவ்வொரு மரியே வாழ்கவுக்கும் ஒரு தரம். முழங்கால் கொதித்தது. தையல்கள் முனகின. அவர் இந்த வீட்டுக்குள் இப்படித்தானே குந்தி எழும்பித் திரிந்தார், விளக்குமாற்றோடு நின்ற நான் "எப்ப கோயில்ல சேவிக்கப்போறியள்?" என்று நக்கலடித்தேனே என்று நினைத்தபோது கண்ணீர் கட்டுமீறி வந்தது. அழுதுகொண்டும் குந்தினாள்.

கதவு திறந்தது. மாக்கிறட்.

மேலே சட்டை, கீழே தம்பியின் டெனிம், கலைந்த தலை, பாதிக் குந்தலில் நிற்கும் விதவை. மாக்கிறட் கையை நெஞ்சில் வைத்தாள்.

"மாதாவே!"

பெற்றிசியா எழும்பவும் இல்லை, மறைக்கவும் இல்லை. "இடுப்பு இளகவேணும் மச்சாள். அருட்பிரகாசத்தார் வெட்டப்போறாராம்" என்றாள்.

மாக்கிறட் திரும்பி, கதவுக்குக் கொண்டி போட்டாள். கிட்ட வந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"பிடி. விழுந்து கிழுந்து போகாத."

கையைப் பிடித்துக்கொண்டு குந்துவது சுலபமாக இருந்தது. செபமாலை அடுத்த பத்து மணிகளுக்கு, அடுத்த காரணிக்கத்துக்குப் போயிற்று. மாக்கிறட் மெல்லிய குரலில், தன்பாட்டுக்குச் சொல்வது போலச் சொன்னாள்:

"சின்னனில இவன் முதல்முதல் நற்கருணை எடுத்த புதுநன்மைக்கு உடுப்பில்லை. நான்தான் சம்மாட்டியார் வீட்டில கேட்டு ஒரு சேட் வாங்கிக்கொண்டு வந்தனான். கோயிலுக்குள்ள, அந்த வீட்டுப் பெடியன் எல்லாருக்கும் கேக்க, 'அம்மா, அது என்ர சேட்' எண்டான். இவன் நன்மை எடுத்துப்போட்டு நேர கடற்கரைக்குப் போனான். சேட்டைக் கழட்டி மடிச்சு, அவையின்ர வீட்டில திருப்பிக் குடுத்துப்போட்டு வெறும் மேலோட வீட்ட வந்தான்."

"எனக்கு இவர் இதைச் சொல்லேல்லை."

"ஆருக்கும் சொல்லியிருக்கமாட்டான்."

பெற்றிசியாவுக்கு மண்டபம் முகாம் நினைவு வந்தது. தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து ஊரே வள்ளமேறி அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போன காலம். ஒருநாள் லொறியில் பழைய உடுப்பு மூட்டைகள் வந்தன. சனம் முண்டியடித்தது. ஒரு பெரிய மனிதர் இரக்கப்பட்டு நீளக் களுசான் ஒன்றை யாகப்பர் பக்கம் நீட்டினார். "எனக்கு இருக்கு ஐயா, இல்லாத ஆக்களுக்குக் குடுங்கோ" என்று யாகப்பர் சிரித்தபடி சொன்னார். இருந்தது உடுத்திருந்த அந்த ஒரு டெனிம்தான். முழங்கால் இரண்டிலும் அவரே போட்ட ஒட்டு. அதையும் நூலின் நிறம் பார்த்துத்தான் போட்டிருந்தார். "அகதிக்கு வந்த திமிரைப் பார்" என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. அன்று தன் புருஷனைப் பார்த்து அவளுக்கு வந்த பெருமை கலியாணத்தன்றுகூட வரவில்லை.

"இளகினது காணும் எண்டு நினைக்கிறன்" என்றாள்.

கழற்றியதை இருவருமாக யன்னலில் பிடித்தார்கள். கச்சான் காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போனது. பெற்றிசியா சேலையைச் சுற்றிக்கொண்டு அருட்பிரகாசத்தைக் கூப்பிட்டாள்.

இந்த முறை மூன்று பேர். மாக்கிறட் தம்பியின் இடுப்பைத் தூக்கிப் பிடித்தாள். சின்ன வயதில் தூக்கிய பழக்கம் கைக்கு மறந்திருக்கவில்லை. துணி தொடையைத் தாண்டியது, இடுப்பில் ஏறியது. பெற்றிசியா பட்டியின் இரு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்து, பெருவிரலால் பொத்தானை ஓட்டைக்குள் தள்ளினாள். உள்ளே போனது. அருட்பிரகாசம் கத்திரிக்கோலைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார். பெட்டியில் கிடத்திய பிறகு, வழக்கம்போல இடுப்புக்குக் கீழே போர்த்த வெள்ளை வலைத்துணியை விரித்தார்.

"வேண்டாம் தம்பி" என்றாள் மாக்கிறட். "தெரியட்டும்."

தெரிந்தது. சுவாமியார் ஒரு கணம் பார்த்தார், பிறகு செபப் புத்தகத்தைத் திறந்தார். இலுப்பைக்கடவைச் சம்பந்தி தன் மனைவியின் காதுக்குள் ஏதோ சொன்னார். கரையிலிருந்து வந்த ஆட்கள் வரிசையாகப் போனார்கள். யாகப்பர் திருத்திக் கொடுத்த எஞ்சின்களில் கடலுக்குப் போய் வருகிறவர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டு மூன்று பேர் கடந்து போகும்போது தங்கள் சேட்டைக் கீழே இழுத்து நேராக்கிக்கொண்டதைப் பெற்றிசியா கண்டாள். அவள் முதுகை நிமிர்த்தி இருந்தாள்.

அபூசாலி தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்து நெடுநேரம் நின்றார். பிறகு குனிந்து அவளுக்கு மட்டும் கேட்கக் கேட்டார்.

"பின்னுக்கு வெட்டேல்லையே?"

"இல்லை அபூசாலி நானா. முழுசு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

அடக்கம் முடிந்து திரும்பியபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. சேமக்காலைக்குப் போய் வந்தவர்கள் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் போக வேண்டும். கிணற்றடியில், நெஞ்சுக்கு மேலே சேலையைக் குறுக்காகக் கட்டிக்கொண்டு பெற்றிசியா கல்லில் இருந்தாள். மாக்கிறட் வாளியால் தண்ணீர் அள்ளி அவள் தலையில் ஊற்றினாள். சவுக்காரத்தை எடுத்துக்கொண்டு காலடிக்குக் குனிந்தவள் திடுக்கிட்டாள்.

"எங்கையடி விழுந்தனீ? காலெல்லாம் கண்டிப்போய்க் கிடக்கு!"

பெற்றிசியா குனிந்து பார்த்தாள். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை நீலம் பரவிக் கிடந்தது. சேலையை முழங்காலுக்கு மேலே கொஞ்சம் ஒதுக்கினாள். அங்கேயும் நீலம், தையல் ஓடிய இடங்களில் கடும் கோடாக. உள்ளங்கை இரண்டையும் விரித்தாள். அதிலும்.

"விழேல்லை மச்சாள்" என்றாள்.

மாக்கிறட் அந்த நீலத்தை ஒரு விரலால் தொட்டாள். விரல் நுனியைத் திருப்பிப் பார்த்தாள்; டெனிமின் சாயம். பிறகு சவுக்காரத்தைத் தண்ணீர் தெறிக்காத பக்கமாகக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்தாள்.

"முழுகினது காணும், எழும்பு" என்றாள். "தலையை மட்டும் துவட்டிவிடுறன்."