கெலிஓயாவில் ஒரு மாதக் கண்டி

கண்டியில் குடியிருக்க மாதம் எவ்வளவு வேண்டும் என்று நாங்கள் ஐந்து பேரிடம் கேட்டோம். லட்சம் ரூபாய் சம்பாதிக்கிறவர் ஒன்றரை லட்சம் வேண்டும் என்றார். ஒன்றரை லட்சக்காரர், இரண்டு இல்லாமல் கண்டியில் மூச்சுவிட முடியாது என்றார். எல்லாருக்கும் தங்கள் சம்பளத்துக்கு மேல் ஓர் ஐம்பதாயிரம் தேவைப்பட்டதே தவிர, எங்களுக்கு உருப்படியான பதில் கிடைக்கவில்லை.

எனக்கோ அவசரம். கண்டியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்திருந்தது. சம்பளம் அறுபதாயிரம். படித்த படிப்பை இரண்டு வருடமாக அலுமாரியில் பூட்டி வைத்திருந்தவளுக்கு அது பெரிய காரியம். ஆனால் காலை ஐந்தரைக்கு ஊசியோடு தயாராக நிற்க வேண்டும். நாங்கள் இருக்கும் கெலிஓயாவிலிருந்து அந்நேரத்துக்கு பஸ்ஸை நம்ப முடியாது. போவதென்றால் கண்டியில்தான் குடியிருக்க வேண்டும். முப்பதாம் தேதிக்குள் பதில் சொல்லும்படி கேட்டிருந்தார்கள்.

என் கணவர் சஞ்சீவ் பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். எண்பதாயிரம் கைக்கு வரும். நாங்கள் இருப்பது கட்டாரில் வேலை செய்யும் அவருடைய அண்ணனின் வீட்டில். வாடகை இல்லை. கிணறு, இரண்டு தென்னை, ஒரு பலா மரம், எல்லாம் உண்டு.

"அங்க தண்ணிக்கும் காசு, தேங்காய்க்கும் காசு. நாம தாங்க மாட்டோம் யசோ," என்றார்.

"தாங்குறோமா இல்லையான்னு இங்கயே பார்த்துருவோம்," என்றேன் நான்.

அப்படித்தான் கெலிஓயாவில் இருந்துகொண்டே ஒரு மாதம் கண்டியில் வாழத் தொடங்கினோம். எனக்கு அப்போதுதான் சீட்டு விழுந்திருந்தது. அதில் அறுபதாயிரத்தை என் புதுச் சம்பளம் என்று வைத்துக்கொண்டோம். இரண்டு சம்பளமும் மேசை லாச்சிக்குள் போயின. ஒரு பழைய பிஸ்கட் டின் வீட்டுக்காரர் ஆனது. முதல் நாளே நாற்பத்தையாயிரம் வாடகையை அதற்குள் போட்டுவிட்டு, வீட்டுக்காரர் சிரிக்கக்கூட இல்லை என்று நாங்கள்தான் சிரித்தோம். கிணற்றுத் தண்ணீருக்கு பில் எழுதி டின்னில் கட்டினேன். லாச்சிக் காசு மாதக் கடைசிவரை நின்றால் கண்டிக்குப் போவது. டின்னில் கைவைக்க நேர்ந்தால் அதோடு பேச்சு முடிந்தது.

மரத்திலிருந்து எதையும் தொடக் கூடாது என்பது நானே போட்ட சட்டம். கண்ணெதிரே பலாக்காய் முற்றியது. நான் கடைக்குப் போய் போஞ்சி வாங்கி வந்தேன். பக்கத்து வீட்டு ஜஹானா ராத்தா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"மரத்துல இவ்ளோ தேங்கா ஈக்கிது, நீங்க கடையில வாங்கிட்டு வாறீங்க. ஒங்களுக்கு என்ன சரியில்லையா?"

"நாங்க இப்ப கண்டியில இருக்கோம் ராத்தா," என்றேன். அவர் உள்ளே போய்விட்டார். மறுநாள் பலாக்காயை அவருக்கே கொடுத்துவிட்டேன். வாங்கும்போது என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

மாதம் ஓடியது. இரண்டு கல்யாணம் வந்தது. சஞ்சீவின் சப்பாத்து வாயைப் பிளந்தது. என் அம்மாவுக்கு வழக்கமாக அனுப்புவதை அனுப்பினேன். ஆனாலும் லாச்சியைத் திறக்கும் போதெல்லாம் ஏதாவது இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. செலவு செய்யத் தெரிந்தால் எந்த ஊரிலும் வாழலாம் என்று என் தங்கைக்கு போனில் அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். ஜஹானா ராத்தாவுக்கும் கொஞ்சம் எடுத்தேன்.

இருபத்தாறாம் தேதி மாலை காஸ் தீர்ந்தது. புது சிலிண்டருக்குக் காசு இருக்குமோ என்று பயந்துகொண்டே லாச்சியைத் திறந்தேன். ஐயாயிரம் இருந்தது. சந்தோஷத்தில் அப்படியே உட்கார்ந்து, அன்றுவரை எழுதிய செலவை எல்லாம் கூட்டிப் பார்த்தேன். வாடகையோடு சேர்த்து ஒரு லட்சத்து ஐம்பதாயிரம்.

நாங்கள் போட்டது ஒரு லட்சத்து நாற்பதாயிரம்தான்.

மூன்று முறை கூட்டினேன். இரத்தத்தில் அணுக்களை எண்ணப் படித்தவள் நான், என் கூட்டல் பிழைக்காது.

அந்த மாத வழக்கம்போல எட்டரைக்கு சஞ்சீவ் வந்தார். வழக்கம்போல, "பேராதனையில ஒரே டிராஃபிக்," என்றார்.

"டிராஃபிக்குல காசு குடுக்குறாங்களா?" என்று கேட்டு, செலவு எழுதிய கொப்பியை நீட்டினேன்.

பார்த்தார். புதுச் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு கண்டியில் ஒரு புடவைக் கடையில் மாலை இரண்டு மணி நேரம் பில் போடுகிறேன், நாளுக்கு எழுநூற்றைம்பது என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இது பரீட்சையில கொப்பி அடிக்கிற மாதிரி இல்லையா? நான் ஊரெல்லாம் பெருமை பேசிட்டுத் திரியுறேன்! வேணாம்னு சொன்னதே நீங்கதானே?"

"நான் வேணாம்னு சொல்லல. தாங்காதுன்னுதான் சொன்னேன்," என்றார். "மொத கிழமையே தாங்காதுன்னு தெரிஞ்சிருச்சு. அன்னைக்கு வீட்டுக்கு வாரேன், நீ அந்த வெள்ளைக் கோட்ட எடுத்து அயர்ன் பண்ணி கதவுல மாட்டி வச்சிருக்க. அதப் பார்த்துட்டு உன்கிட்ட எப்பிடிச் சொல்றது?"

நான் கதவில் தொங்கிய கோட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"அடுத்த மாசமும் கடைக்கு வரச் சொல்றாங்க. கெலிஓயாவுக்குப் போற ஆள் ராத்திரியில கஷ்டப்படுவீங்களேன்னு மொதலாளி கேட்டாரு. நான் இனி வீடு கண்டியிலதான்னு சொல்லிட்டேன்."

"எப்ப சொன்னீங்க?"

"பத்தாம் தேதி."

பத்தாம் தேதி! வேண்டுமானால் அப்போதே என்னிடம் சொல்லியிருக்கலாம். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு நாலு வருடம் ஆகிறது, ஒருநாளும் எதையும் நேராகச் சொன்னதில்லை. திட்டத்தான் நினைத்தேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது. அவர் பதறிப்போய், காஸ் இல்லாத அடுப்பில் எனக்குத் தேநீர் போடப் போனார்.

மறுநாள் காலை மருத்துவமனைக்கு போன் எடுத்து, வேலைக்கு வருகிறேன் என்றேன். அங்கே பேசிய பெண் என் பெயரைக் குறித்துக்கொண்டு, "காலையிலயே வரணும், தெரியுந்தானே? நீங்க தங்கியிருக்கிறது எங்க?" என்று கேட்டாள்.

"பத்தாம் தேதியில இருந்து கண்டியிலதான் இருக்கோம்," என்றேன்.