வண்டிச் சக்கரத்தடியில் மூன்று முட்டை

அந்தத் தீவின் உப்புச் சதுப்பும் மணல்மேடுகளும் பறவைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. பறவைகளுக்கு அது தெரிந்தால்தானே! மூன்று வருடமாக ஒரு கூடுகூட இல்லை. காப்பகத்தை இழுத்து மூடிவிட்டு, காவலரை நகரத்தில் கோப்பு தூக்க அனுப்பலாமா என்று பார்க்க மேலதிகாரி வந்து இறங்கினார். பதினெட்டு வருடம் அந்தச் சேற்றிலேயே குடித்தனம் நடத்திய காவலர் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

அதிகாரி வண்டியைச் சிப்பி கிடக்கும் மணலில் நிறுத்திவிட்டு, ஒரு வாரம் மேடு மேடாக ஏறி இறங்கினார். கிடைத்தது செருப்பு நிறைய மணல்தான். எட்டாம் நாள், "மூட வேண்டியதுதான். மனச தேத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

காவலர் தலை குனிந்தார். முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிச் சிறு குழி. அதில் புள்ளி புள்ளியாக மூன்று முட்டை! மனுஷன் பாய்ந்து வண்டிக்கு முன்னால் கையை விரித்து நின்றார்.

"எடுக்காதீங்க சார்! முட்டை!"

அதிகாரி இறங்கிப் பார்த்தார். "ஒரு வாரமா இல்லாதது நான் கிளம்புறப்ப முளைச்சிடுச்சா? யார் காதுல பூ சுத்துறீங்க? நீங்க வச்சதுதானே?"

வழியனுப்ப வந்திருந்த காவலரின் மனைவிக்குச் சுருக்கென்றது. "முட்டையிடத் தெரிஞ்சா இவர் மூணு வருஷம் சும்மா இருந்திருப்பாரா சார்?"

அப்போது ஒரு சின்னப் பறவை ஒற்றை இறக்கையை இழுத்துக்கொண்டு, கத்திக்கொண்டே அதிகாரியின் காலடியில் தள்ளாடியது.

"ஐயையோ, இறக்கை ஒடிஞ்சிருக்கே!" அதிகாரி கைக்குட்டையோடு ஓடினார். அது எட்டாத தூரத்திலேயே நொண்டியது.

"சார், அது சும்மா..." என்று காவலர் முடிப்பதற்குள் அதிகாரி இடுப்புவரை சேற்றில் இறங்கிவிட்டார். பறவை இரண்டு இறக்கையையும் விரித்து ஜோராகப் பறந்து போய் முட்டைமேல் உட்கார்ந்தது.

"முட்டைகிட்ட வர்றவங்கள இப்படித்தான் நடிச்சு இழுத்துட்டுப் போகும் சார்."

அதிகாரி சேற்றில் நின்றபடி விழுந்து விழுந்து சிரித்தார். "முட்டைய நீங்க வைக்கலாம்யா. இந்த நடிப்ப உங்களால சொல்லிக்குடுக்க முடியாது."

கரையேறியதும் கேட்டார். "வண்டிய எப்ப எடுக்கலாம்?"

"குஞ்சு பொரிக்க ஒரு மாசமாகும் சார்."

அவர் சாவியைக் காவலர் கையில் வைத்தார். "மூடலன்னு எழுதிடுறேன். பத்திரமா பாத்துக்குங்க."

"வண்டியையா சார்?"

"வண்டி கெடக்குது! அந்த நடிப்புக் கள்ளியச் சொன்னேன்."

சேறு சொட்டச் சொட்ட அவர் படகுத்துறைக்கு நடந்து போனார். கூட்டைச் சுற்றிலும் கயிறு கட்டிக்கொண்டிருந்த காவலர் சந்தோஷம் தாங்காமல் ஓவென்று அழுதுவிட்டார்.

"மெதுவா அழுங்க" என்றாள் மனைவி, தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு. "அது எழுந்து போயிடப் போகுது."