மைக்கில் சொன்ன மன்னிப்பு

ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்தபோது, மகன் பரீட்சையில் தேறியதற்குக் கர்த்தருக்கு நன்றி சொல்லிவிட்டு உட்காரத்தான் நினைத்திருந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசியவர் புற்றுநோயிலிருந்து பிழைத்து வந்தவர். சபையே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அந்த அழுகைக்குப் பிறகு, கணக்கில் பாஸ் என்று சொன்னால் எடுபடுமா? மைக் கைக்கு வந்ததும் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"என் மாமியார் சாகக் கிடந்தப்போ என் ஓரகத்தி என்னை முகம் பாக்க விடல. வாசலோட திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டு வருஷமா அதை நெஞ்சுல வெச்சிப் புழுங்கிட்டிருந்தேன். இன்னைக்கு அவங்களை முழு மனசா மன்னிச்சிட்டேன்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. போதகரம்மா எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "அடுத்த ஞாயிறு திருவிருந்து. எல்லாரும் இந்தச் சகோதரி மாதிரி சுத்த மனசோட வாங்க" என்றார் போதகர் ஐயா. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பொய் சொல்வானேன், பிழைத்து வந்தவருக்கே இவ்வளவு கைதட்டல் இல்லை என்பதையும் கவனித்தேன்.

யாரோ அதைப் படம் பிடித்துச் சபையின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் அது சுற்றிச் சுற்றி ஓரகத்தியின் போனுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

"அண்ணி கூப்பிட்டாங்க" என்றார் வீட்டுக்காரர்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. 'நல்லா இருக்கட்டும்'னு சொல்லிட்டு வெச்சிட்டாங்க."

நாலு வசவு விட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இந்த 'நல்லா இருக்கட்டும்' எந்தப் பக்கம் புரண்டாலும் குத்தியது.

தொலைவில் இருப்பவள் என்றாலாவது முகத்தில் விழிக்காமல் காலம் தள்ளலாம். நாங்கள் இருவரும் ஒரே மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறோம். நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் அழுக்குத் துணி வரும். மூட்டையைப் பிரித்து, ரத்தம் பட்டது, மலம் பட்டது என்று பிரித்துப் போட வேண்டும். இந்தப் பக்கம் வெளுத்த விரிப்புகளை இஸ்திரி உருளையில் விட்டு மடிக்கும் வேலை. சேர்ந்த புதிதில் என்னையும் அந்தப் பக்கம்தான் போட்டார்கள். குமட்டல் தாங்காமல் சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி இந்தப் பக்கம் தப்பி வந்துவிட்டேன். ஓரகத்தியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்; அவள் முதலிலிருந்து அங்கேதான். அவளுக்கு மூக்கே கிடையாது என்று நான் மற்றவர்களிடம் கேலி பேசுவதுண்டு.

திங்கட்கிழமை உள்ளே நுழைந்ததுமே, என்னோடு விரிப்பு மடிப்பவள் "வாங்க வாங்க, மன்னிக்கிற மகராசி!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

மதியம் சாப்பாட்டு அறையில் அக்கா என்னைப் பார்த்தாள், தலையசைத்தாள், டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள். அவ்வளவுதான். மறுநாளும் அப்படியே. மன்னித்தவள் நான். எனக்கு ஏன் சோறு இறங்கவில்லை? மடித்த விரிப்புகள் கோணலாக வந்தன. சூப்பர்வைசர் கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்பினார். ஜெபிக்க முழங்கால் போட்டால் கண்ணை மூடியதும் அவள் தலையசைப்பது தெரிந்தது. மன்னித்தேன் என்று சொன்னேனே தவிர, அவள் எப்போது வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள் என்றுதான் காத்திருந்தேன். மனஸ்தாபத்தோடு திருவிருந்தில் அப்பத்துக்குக் கை நீட்டக்கூடாது என்று சின்ன வயதிலேயே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ஞாயிறோ நெருங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, உடை மாற்றும் அறையில் அவளைப் பிடித்துவிட்டேன்.

"என் மேல கோபமாக்கா?"

"எனக்கென்ன கோபம்? அதான் மன்னிச்சிட்டியே."

"கிண்டல் பண்ணாதீங்க. நீங்க என்னை உள்ள விடாதது நிஜந்தானே?"

"நிஜந்தான்."

"ஏன்க்கா விடல?"

"ரெண்டு வருஷமா கேக்காதவ இப்பக் கேக்கறே. மைக்ல பேசறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." அலமாரியைப் பூட்டினாள். "விடு. போனவங்க போயிட்டாங்க."

நான் வழியை மறித்து நின்றேன். "சொல்லாம போனீங்கன்னா ஞாயித்துக்கிழமை நான் எந்த மூஞ்சியோட திருவிருந்துல கை நீட்டறது?"

அக்கா என் முகத்தையே பார்த்தாள்.

"மூஞ்சிதான்டி" என்றாள். "அன்னைக்கு அத்தைக்கு வயித்தால போயிட்டே இருந்துச்சு. மாத்தறேன், தொடைக்கிறேன், திரும்பவும் போகுது. நீ கதவைத் தட்டினே. அத்தை என் கையை இறுக்கிப் பிடிச்சிட்டாங்க. 'சின்னவளை உள்ள விடாத. அவ மூஞ்சியைச் சுளிப்பா. அதைப் பாத்துட்டுச் சாக என்னால முடியாது'ன்னாங்க. இதை வாசல்ல வந்து உன்கிட்ட எப்படிச் சொல்றது? தூங்கறாங்கன்னு சொல்லி அனுப்பினேன். போகட்டும், பழி என் மேலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

மாமியார் எங்கள் வீட்டில் இருந்த நாட்களில் அவரைக் குளிப்பாட்டியிருக்கிறேன், துணி மாற்றியிருக்கிறேன், ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அதைச் சபையில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். என் முகத்தை யார் கவனிக்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். படுத்துக்கிடந்தவர் வேறெதைக் கவனித்திருப்பார்? அவருக்கு எதிரே இருந்தது என் முகம் மட்டும்தான். வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது.

"என்னை மன்னிச்சிடுங்கக்கா."

"மைக் வேணாமா?" என்று கேட்டுவிட்டு, என்னை விலக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிறன்று சாட்சி வேளையில் போதகர் ஐயா என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். "சகோதரி, அந்த மன்னிப்பு என்ன கனி கொடுத்துச்சுன்னு சொல்லுங்க." மைக் என் கைக்கு வந்தது.

"போன வாரம் நான் சொன்னது தப்பு. என் ஓரகத்திகிட்ட மன்னிக்கறதுக்கு எதுவுமே இல்ல. படுத்த படுக்கையா இருந்தவங்க முன்னாடி மூஞ்சியைச் சுளிச்சவ நான். அது வெளியே தெரியாம காப்பாத்தினவங்க அவங்க. அவங்களைத்தான் இங்க நின்னு அசிங்கப்படுத்தினேன்."

யாரும் கைதட்டவில்லை. போதகர் ஐயா மைக்கை வாங்கிக்கொண்டு, "ஒரு பாட்டுப் பாடுவோம்" என்றார். இதைப் படம் பிடித்துக் குழுவில் போட ஒருவருக்கும் தோன்றவில்லை.

திருவிருந்துத் தட்டு வரிசையாக வந்தது. என்னிடம் வந்ததும் அப்பத்தைப் பார்த்தேன். எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் நகர்த்தினேன். பெற்ற பிள்ளையைக் கைமாற்றிக் கொடுத்ததுபோல் இருந்தது.

மறுநாள் காலை சூப்பர்வைசரிடம் போய், என்னை அழுக்குப் பக்கம் மாற்றச் சொன்னேன். "திரும்பக் குமட்டுதுன்னு வந்து நிக்கக்கூடாது" என்றார். "நிக்க மாட்டேன்" என்றேன், என்ன தைரியத்தில் சொன்னேனோ.

சுவருக்கு அந்தப் பக்கம் கதவைத் தள்ளியதுமே வாடை முகத்தில் அறைந்தது. அக்கா ஒரு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு எதிரே போய் நின்றேன். ஏன் வந்தாய் என்று அவள் கேட்கவில்லை. சபையில் நடந்தது அவள் காதுக்குப் போயிருந்ததா என்றும் எனக்குத் தெரியாது. பெட்டியிலிருந்து ஒரு மாஸ்க்கை எடுத்து நீட்டினாள்.

"போட்டுக்க. மூஞ்சி எப்படிப் போனாலும் வெளியே தெரியாது."

கேலியா, குத்தலா, கருணையா? அவள் முகத்தில் பாதியை அவளுடைய மாஸ்க் மறைத்திருந்தது. கண்ணை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் வாங்கிப் போட்டுக்கொண்டேன். மூட்டைக்குள்ளிருந்து நனைந்து கனத்த விரிப்பு ஒன்றை இழுத்தாள். யாரோ ஒரு நோயாளியின் அடியில் கிடந்த விரிப்பு அது. எனக்குக் குடலைப் புரட்டியது. மாஸ்க்குக்குள் என் முகம் தன்னால் சுளிக்கப் பார்ப்பதை முதல்முறையாக நானே உணர்ந்தேன்.

"பாத்துட்டே நிக்காத" என்றாள் அக்கா. "அந்த முனையைப் பிடி."